எட்டும் எய்ட்டும், கள்ளியும் கள்ளியும்: ஒன்றுபோல் இருப்பவை எல்லாம் உறவா?

குடியாத்தம் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் வட்டத்துக் கிராமம் ஒன்றில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். இந்த ஆண்டு வகுப்பில் ஒரு நோட்டைத் தனியாக வைத்து, "ஒன்றுபோல் இருப்பவை" என்று அட்டையில் எழுதி, பிள்ளைகள் எங்கே எந்த ஒற்றுமையைக் கண்டாலும் அதில் குறித்து வைக்கச் சொல்லியிருந்தேன். நோட்டு பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. இப்போது பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன்.

ஒரு மாணவி எழுதியிருக்கிறாள்: "எங்கள் கொல்லை வேலியில் சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் இலை இல்லை, இரண்டுக்கும் முள் உண்டு. இவை அக்கா தங்கையா?" ஒரு மாணவன், கைப்பேசியில் வந்த செய்தியைப் பார்த்து, தமிழின் 'எட்டு'தான் ஆங்கிலத்தின் 'எய்ட்' ஆனது என்று எழுதியிருக்கிறான். உடனே வீட்டில் உருது பேசும் இன்னொரு மாணவன், "எங்கள் வீட்டில் 'ஆட்' என்போம், அப்படியானால் மூன்றும் ஒன்றா?" என்று கேட்டான். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10, மீரட்டில் எழுந்தது 1857 மே 10, இரண்டும் பத்தாம் தேதி என்று ஒருவன் எழுத, அதற்குக் கீழேயே, சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர்கள் லிங்கன், கென்னடி இருவருக்கும் உள்ள ஒற்றுமைகளின் பட்டியலும் ஒட்டப்பட்டிருக்கிறது.

வகுப்பில் பாதிப் பேர் இவை எல்லாமே உறவு என்கிறார்கள், மீதிப் பேர் எல்லாமே தற்செயல் என்கிறார்கள். ஒற்றுமை தெரிந்தவுடன் உறவு என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. தற்செயல் என்று தள்ளிவிட்டாலோ, கண் திறந்து பார்த்த பிள்ளைகளின் ஆர்வம் வாடிப்போகும். எதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லித் தர வேண்டும்.


கள்ளிவேலி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்த மாணவியின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் நம் மொழியே அந்த இரண்டையும் 'கள்ளி' என்ற ஒரே பெயருக்குள் வைத்திருக்கிறது. ஆனால் அவை அக்கா தங்கை அல்ல, ஒன்றுவிட்ட உறவுகூட அல்ல. சதுரக்கள்ளி நம் மண்ணுக்கு உரியது. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. இரண்டின் மூதாதைகளும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளாவது ஆகியிருக்கும்.

கொல்லை வேலிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய் முள்ளைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சதுரக்கள்ளியின் விளிம்பில் முட்கள் இரண்டிரண்டாக, இணை இணையாக இருக்கும். அவை இலையடிச் செதிலிலிருந்து உருவானவை. சப்பாத்திக்கள்ளியிலோ ஒரு சிறு மெத்தை போன்ற புள்ளியிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும், அவற்றைச் சுற்றிக் கண்ணுக்கே தெரியாத சுணை முட்களும் இருக்கும். அந்தப் புள்ளி உண்மையில் ஒரு குறுகிப்போன கிளை, முட்கள் உருமாறிய இலைகள். ஆக, முள் என்ற வேலை ஒன்றுதான், முள் முளைத்த உறுப்பு வேறு. அடுத்து, தண்டில் ஒரு சிறு கீறல் போட்டால் சதுரக்கள்ளியில் வெள்ளைப் பால் வடியும், சப்பாத்திக்கள்ளியில் வடியாது. (இதை நீங்களே செய்து காட்டுங்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு.) பூவும் அப்படியே. சதுரக்கள்ளியின் பூ இருப்பதே தெரியாது. சப்பாத்திக்கள்ளியின் பூ பெரிதாக மஞ்சளாக விரியும், அதன் மகரந்தத் தாள்களை ஒரு குச்சியால் தொட்டால் அவை மெல்ல உள்நோக்கி மடங்கும்.

பின் ஏன் இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்தன? வறட்சிதான் காரணம். இலை விரிந்தால் நீர் ஆவியாகும், ஆகவே இலையைக் குறைத்து, தண்டையே பச்சையாக்கி, அதற்குள் நீரைத் தேக்கி, அந்த நீரைத் தேடி வரும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் முள்ளைக் காட்டி, வெயில் நேரத்தில் இலைத்துளைகளை மூடி வைத்து இரவில் மட்டும் திறந்து மூச்சு விடும் முறையை, மெக்சிகோவின் பாலை நிலத்தில் ஒரு குடும்பமும், ஆப்பிரிக்காவிலும் நம் ஊர்களிலும் இன்னொரு குடும்பமும், ஒன்றை ஒன்று அறியாமலே வந்து அடைந்தன. இதைத் தற்செயல் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒரே நெருக்கடிக்குக் கிடைத்த ஒரே விடை இது.

உண்மையான உறவுகள் எங்கே என்று அந்த மாணவி கேட்டால், வாசற்படிக்கு அருகே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தரையோடு தரையாகக் கிடக்கும் அம்மான் பச்சரிசிதான் சதுரக்கள்ளியின் சொந்தத் தங்கை, தாவரவியலில் இரண்டும் ஒரே பேரினம். அதன் தண்டைக் கிள்ளினாலும் பால் வரும். ஆமணக்கும் மரவள்ளியும் குப்பைமேனியும் அதே குடும்பத்தின் பங்காளிகள். சப்பாத்திக்கள்ளிக்கு நெருங்கிய சொந்தமோ, நாம் பருப்போடு கடைந்து உண்ணும் பருப்புக்கீரை.

ஒற்றுமையை நம்பி ஏமாந்த கதை ஒன்றும் இந்தச் செடியோடு ஒட்டியிருக்கிறது. சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து விலை உயர்ந்த சிவப்புச் சாயம் கிடைக்கும். கம்பெனி ஆட்சிக் காலத்தில் அந்தப் பூச்சி என்று எண்ணி 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, பார்வைக்கு அதைப் போலவே இருந்த வேறோர் இனம். எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. வந்த பூச்சி கள்ளியைத் தின்று தீர்க்கத் தொடங்கியது.


வாணியம்பாடி வாசகன் எழுதியது:

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே பேச்சுக்குள் கலந்து புழங்கும், ஆகவே எட்டு பற்றிய கேள்வி எனக்கு வீட்டுக் கேள்வி போன்றது.

சொற்களின் உறவைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டையும் பின்னோக்கி நடத்திக்கொண்டு போக வேண்டும். மெய்யான உறவு என்றால், பழங்காலத்துக்குப் போகப் போக இரண்டும் நெருங்கி வரும். போலி ஒற்றுமை என்றால், போகப் போக விலகும்.

தமிழின் 'எட்டு' எங்கிருந்து வந்தது என்பதை எண்பது, எண்ணூறு, எண்திசை என்ற சொற்களே காட்டுகின்றன. அதன் அடி 'எண்'. கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி' என்று மூக்கொலி அங்கெல்லாம் நிற்கிறது, நம்மிடம்தான் 'எட்டு' என்று வந்தபோது மறைந்துவிட்டது. ஆங்கிலத்தின் 'எய்ட்' என்பதை எழுதும்போது நடுவில் ஒலிக்காத இரண்டு எழுத்துகள் வருவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அவை ஒரு காலத்தில் ஒலித்தவை, ஜெர்மன் மொழியில் அந்தத் தொண்டை ஒலி இன்றும் இருக்கிறது. இன்னும் பழைய உறவைப் பார்த்தால் லத்தீனில் 'ஆக்டோ'. ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் அக்டோபர் எட்டாம் மாதமாக இருந்தது. சமஸ்கிருதத்தில் 'அஷ்ட', பாரசீகத்தில் 'ஹஷ்த்'. அந்த 'அஷ்ட' பிராகிருதத்தில் 'அட்ட' ஆகி, உருதுவிலும் இந்தியிலும் 'ஆட்' ஆயிற்று. ஆகவே அந்த உருது வீட்டுப் பிள்ளையிடம் சொல்லுங்கள்: அவன் வீட்டு 'ஆட்' ஆங்கிலத்தின் 'எய்ட்'டுக்கு உண்மையான உறவு, தமிழின் 'எட்டு' இரண்டுக்கும் உறவல்ல.

உறவு என்று துணிந்து சொல்வதற்கு ஒரு சொல்லை மட்டும் காட்டினால் போதாது, ஒலிமாற்றம் வரிசையாகப் பொருந்த வேண்டும். லத்தீனில் 'க' நின்ற இடத்தில் சமஸ்கிருதம் 'ச', 'ஷ' என்று காட்டுவது எட்டில் மட்டுமல்ல, பத்திலும் நூறிலும் அப்படியே: 'தெகெம்' என்பதற்கு 'தச', 'கெந்தும்' என்பதற்கு 'சத'. நமக்குப் பக்கத்திலேயே பெங்களூருக்குப் போகும் பேருந்தில் இதைக் கேட்கலாம். பால் 'ஹாலு', பத்து 'ஹத்து', பூ 'ஹூவு', புலி 'ஹுலி', பன்றி 'ஹந்தி'. தமிழின் 'ப' கன்னடத்தில் 'ஹ' ஆவது இத்தனை சொற்களிலும் ஒரே சீராக நடக்கிறது. உறவு என்றால் இப்படி ஒரு ஒழுங்கு இருக்கும்.

வடகிழக்கு ஆஸ்திரேலியாவின் ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்', ஏறத்தாழ ஆங்கிலத்தில் உள்ளபடியே. மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் அதைப் பதிவு செய்தார். கடன் வாங்கிய சொல் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பக்கத்து மொழியான யிடினில் நாய் 'குடக'. முன்பகுதி தேய்ந்து உதிர்ந்ததால் ம்பாபரத்தில் எஞ்சியது 'டாக்'. மொழிக்கு மொழி ஒலிகள் சில பத்துகளே, சொற்களோ பல்லாயிரம், ஆகவே எந்த இரு மொழிகளை எடுத்தாலும் இப்படிச் சில சொற்கள் மோதிக்கொள்ளத்தான் செய்யும்.

கொரிய மொழியில் அப்பாவை 'அப்பா' என்றே அழைப்பது பற்றியும் அடுத்து யாராவது எழுதுவார்கள். குழந்தையின் வாயில் முதலில் உருளும் ஒலிகள் ம, ப, த என்பதால்தான் உலகெங்கும் பெற்றோர் பெயர்கள் அவற்றில் அமைகின்றன என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, 'தேதா' என்றால் தாய்.

தமிழின் பெருமைக்கு 'எட்டு' தேவையில்லை. ஆங்கிலத்துக்கு நாம் உண்மையாகவே கொடுத்த கட்டுமரமும் சுருட்டும் இருக்கின்றன.


அகழிக்கரை எழுதியது:

வாணியம்பாடி நண்பரின் சோதனையை நான் மதிக்கிறேன். ஆனால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது, ஏனென்றால் நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து வம்சமாக வளர்வதில்லை.

முதலில் பத்தாம் தேதியை விட்டுவிடலாம், அது வெறும் தற்செயல். மற்ற ஒற்றுமைகளைப் பாருங்கள். 1806இல் நெற்றிக் குறியை அழிக்கவும் தாடியைத் திருத்தவும் உத்தரவிட்டு, தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையைச் சிப்பாய்களின் தலையில் ஏற்றினார்கள். 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா உறையைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள். வேலூரில் சிப்பாய்கள் நாடியது கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்களை, அவர்கள் ஏற்றியது மைசூரின் கொடி. மீரட் சிப்பாய்கள் நாடியது டெல்லியின் முதிய பேரரசர் பகதூர் ஷா ஜாஃபரை. உடலைத் தொடும் அவமதிப்பும், பறிக்கப்பட்ட ஓர் அரசின் நினைவும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தன. காரணம், இரண்டு இடத்திலும் ஆண்டது ஒரே கம்பெனி, அது நடத்தியது ஒரே வகைப் படை. ஆகவே இது உறவும் அல்ல, தற்செயலும் அல்ல, ஒரே கை இரண்டு முறை செய்த ஒரே தவறு. முடிவுகள் ஒன்றாக இல்லை என்பதையும் பிள்ளைகள் எழுத வேண்டும். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு அன்று காலையிலேயே வந்து சேர்ந்ததால் வேலூர் ஒரே நாளில் அடங்கியது. மீரட்டில் தொடங்கிய எழுச்சி அடங்க ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று.

அந்தக் கம்பெனிக்குப் பின்னிருந்த பிரிட்டிஷ் கையை இன்னோர் இடத்திலும் காணலாம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கர் 1815இல் பிடிக்கப்பட்டு, வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவருடைய கல்லறை. ஜாஃபரை ரங்கூனுக்கு அனுப்பினார்கள், 1862இல் அங்கேயே இறந்தார். 1885இல் அரசிழந்த பர்மாவின் தீபோ மன்னரை ரத்னகிரிக்கு அனுப்பினார்கள், 1916இல் அங்கே இறந்தார். இங்குள்ளவரை அங்கேயும் அங்குள்ளவரை இங்கேயும் கொண்டுபோய் வைப்பது ஆட்சியின் வழக்கம். முத்து மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம் ரங்கூனில் கிடக்கும் அந்த இன்னொரு கல்லறைதான் என் நினைவுக்கு வருகிறது.

லிங்கன், கென்னடி பட்டியலில் 1860, 1960 தேர்தல்களும், பின்வந்த இருவரும் ஜான்சன் என்பதும், அவர்கள் 1808இலும் 1908இலும் பிறந்தார்கள் என்பதும் உண்மை. லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி என்பது கட்டுக்கதை, அவருடைய செயலாளர்கள் நிக்கோலே, ஹே என்ற இருவர். லிங்கனைக் கொன்ற பூத் பிறந்தது 1839 என்று பட்டியல் சொல்லும், அவன் பிறந்தது 1838. பொருந்தாத நூறு செய்திகளை விட்டுவிட்டுப் பொருந்தியவற்றை மட்டும் பொறுக்கினால் எந்த இருவரையும் இப்படி ஒட்டவைக்க முடியும்.


குடியாத்தம் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று மாலை கொல்லை வேலிக்குப் போனோம். இணை முள்ளையும் கொத்து முள்ளையும் பிள்ளைகள் படமாக வரைந்துகொண்டார்கள். கேள்வி கேட்ட மாணவியே வரப்பில் அம்மான் பச்சரிசியைக் கண்டுபிடித்துக் காட்டினாள். நானே அதைக் கிள்ளி, துளிர்த்த வெள்ளைத் துளியை எட்ட நிறுத்தி எல்லாருக்கும் காட்டினேன். உருது பேசும் மாணவன் ஸாத், ஆட், நௌ, தஸ் என்று எண்ணிக்காட்டி, டிசம்பரில் 'தச' ஒளிந்திருப்பதைத் தானே கண்டு சொன்னான்.

ஆனால் அந்த மாணவி இன்னும் ஒன்று கேட்கிறாள். பருப்புக்கீரைக்கு முள்ளும் இல்லை, மெத்தைப் புள்ளியும் இல்லை. எதை வைத்து அது சப்பாத்திக்கள்ளிக்குச் சொந்தம் என்கிறீர்கள்?


கள்ளிவேலி எழுதியது:

நல்ல கேள்வி. மரபணு ஆய்வு ஒரு சான்று, அதை வகுப்பில் காட்ட முடியாது. கண்ணால் காணக்கூடிய சான்று நிறத்தில் இருக்கிறது. சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் சிவப்பும், பருப்புக்கீரைத் தண்டின் செம்மையும், பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, காகிதப்பூ ஆகியவற்றின் சிவப்பும் பீட்டாலைன் என்ற ஒரே வகை நிறமி. இந்தக் கூட்டத்துக்கு வெளியே பூக்கும் தாவரங்களில் அது இல்லை. சங்குப்பூ, கத்தரிக்காய், நாவற்பழம் போன்றவற்றில் இருப்பது ஆந்தோசயனின் என்ற வேறு நிறமி. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருந்ததாக இதுவரை அறியப்படவில்லை.

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஒன்றில் சங்குப்பூ ஊறிய நீரும், மற்றதில் சப்பாத்திக்கள்ளிப் பழச்சாறு கலந்த நீரும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் எலுமிச்சை பிழியுங்கள். நீலம் ஊதாவாக மாறும், சிவப்போ அநேகமாக அப்படியே நிற்கும். பீட்ரூட் சாற்றிலும் அதே போல நிற்கும். பழத்தைப் பறிக்கும்போது இடுக்கியால் பிடித்து, சுணை போகும்வரை நெருப்பில் வாட்டிய பிறகே வெட்டுங்கள்.