பர்சா வெல்வெட் திண்டு உறைகளின் முனை வளைவுகள்

கேள்வி: வணக்கம். 17ஆம் நூற்றாண்டு ஓட்டோமான் வெல்வெட் துண்டுகளின் படங்களை அருங்காட்சியகத் தொகுப்புகளில் பார்த்து வருகிறேன். பலவற்றில் சிவப்புப் பரப்பில் விசிறியாய் விரிந்த கார்னேஷன் பூக்களும், இரு முனைகளிலும் ஆறு சிறு வளைவுகளின் வரிசையும் உள்ளன. இவை அங்கிக்கென நெய்த துணியிலிருந்து வெட்டப்பட்டவையா, வீட்டு அலங்காரத்துக்கென்றே நெய்யப்பட்டவையா?

மறுமொழி 1: அந்த வளைவுகளே விடை சொல்லிவிடுகின்றன. நீள்துணியில் ஓடும் கோலத்துக்கு முனை கிடையாது. இங்கோ தறியிலேயே தொடக்கமும் முடிவும் வகுக்கப்பட்டிருக்கின்றன. இவை ‘யாஸ்திக்’ எனப்படும் திண்டுகளின் மேலுறைகள். ஓட்டோமான் வரவேற்பறையில் நாற்காலி கிடையாது; சுவரையொட்டிய ‘திவான்’ எனும் தாழ்வான நீள் இருக்கையில் அமர்ந்து, சுவரோரம் வரிசையாக நிறுத்திய திண்டுகளில் சாய்ந்துகொள்வார்கள். ஆகவே அறையின் செல்வச் செழிப்பு முதலில் கண்ணில் படும் இடம் இந்த உறைகள்தாம். ஏறத்தாழ 120 செ.மீ. நீளமும் 65 செ.மீ. அகலமும் கொண்டவை; அகலம் தறியின் அகலமே.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி ஐயா. சில உறைகளில் பூக்கள் மங்கிய மஞ்சளாகத் தெரிவது சாயம் வெளுத்ததாலா?

மறுமொழி 2: பெரும்பாலும் சரிகை தேய்ந்ததால். ‘சாத்மா’ எனும் இவ்வகையில் வெல்வெட்டின் பட்டு நுனிகள் சில இடங்களில் மட்டுமே எழும். தாழ்ந்திருக்கும் இடங்களைச் சரிகை ஊடை நிரப்பும். பொன்முலாம் பூசிய மெல்லிய வெள்ளித் தகட்டை மஞ்சள் பட்டிழையின் மேல் சுற்றுவார்கள். வெண்ணிறம் வேண்டுமென்றால் முலாமில்லாத தகட்டை வெள்ளைப் பட்டின் மேல் சுற்றுவார்கள். ஆண்டுக்கணக்கில் முதுகு உராய்ந்து தகடு உதிர்ந்தபின் எஞ்சுவது அந்த மஞ்சள் இழை. உருப்பெருக்கிய படத்தில், இழைகளின் இடுக்கில் ஒட்டியிருக்கும் தகட்டுத் துணுக்குகளைத் தேடிப் பாருங்கள். என்னைக் கேட்டால், ஒரு திண்டு உண்மையில் பயன்பட்டதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மறுமொழி 3: ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அரசவை அங்கிகளுக்கு இத்தாலிய வெல்வெட்டும் பெருமளவில் வாங்கப்பட்டது. இன்றைய துருக்கியில் உள்ள பர்சா நகரின் தறிகளோ அறை அலங்காரத் துணிகளில் தனித் தேர்ச்சி பெற்றன. ஈரானியக் கச்சாப் பட்டு வந்திறங்கும் சந்தையாகவும் அந்நகரம் இருந்ததால் மூலப்பொருளுக்குக் குறைவில்லை. அரண்மனைக்கு வெளியேயும் இவை புழங்கின: பர்சாவில் இறந்தவர்களின் சொத்துப் பதிவேடுகளில், வசதி படைத்த நகரவாசிகளின் உடைமைகளிடையே வெல்வெட் திண்டுகள் இடம்பெறுகின்றன. எனவே இத்தகைய உறையைக் கண்டதும் சுல்தானின் அறையிலிருந்து வந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.