கை விழுந்த பிறகு 'தொம்' கேட்கிறது. எடிட்டிங்கில் எங்கே தப்பு?

தனிஆவர்த்தனம்:
வணக்கம். வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்குப் பாடத்தைப் போனில் எடுத்து அனுப்பலாமே என்று எடிட்டிங் பழகுகிறேன். கேடன்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ரேசர் டூலால் வெட்டி ஒட்டுவது வரை வந்துவிட்டது. போன வாரம் எடுத்தது 25 நிமிடப் பாடம். ஆரம்பம் சரியாக இருக்கிறது. 20வது நிமிடத்தில் கை தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) விழுந்து எழுந்த பிறகுதான் 'தொம்' வருகிறது. தாளம் சொல்லித் தருகிறவன் வீடியோவில் இப்படியா! போனில் பார்த்தால் குறையே இல்லை. ஆடியோவைத் தனியாகப் பிரித்து முன்னால் இழுத்தேன். கடைசி சரியானது, ஆரம்பம் கெட்டது. லேப்டாப்பும் பழசு, 8 ஜிபி ராம், ப்ரிவியூ திக்கித் திக்கி ஓடுகிறது. மென்பொருளை மாற்றுவதா, லேப்டாப்பையே மாற்றுவதா?

வெட்டுக்கத்தி:
இரண்டும் வேண்டாம். இது போன் கேமராவின் குணம். நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், என்று வைத்திருந்தாலும் வெளிச்சம் குறைந்தால் நடுநடுவே சில ஃப்ரேம்களை விட்டுவிடும். வேரியபிள் ஃப்ரேம் ரேட் என்பார்கள். போனில் உள்ள பிளேயர் ஒவ்வொரு ஃப்ரேமின் நேரக்குறிப்பையும் பார்த்து ஓட்டுவதால் அங்கே தெரியாது. எடிட்டரின் டைம்லைனோ சீராக எண்ணிக்கொண்டு போகும். 20 நிமிடத்துக்கு 36,000 ஃப்ரேம். அதில் பத்து குறைந்தாலே மூன்றில் ஒரு நொடி போச்சு. உங்கள் பாஷையில் சொன்னால், பாடகர் காலப்பிரமாணத்தை (சீரான வேகத்தை) விட்டு அலைகிறார், நீங்கள் மெட்ரோனோமைப் பார்த்து வாசிக்கிறீர்கள்.

வீடியோ ஃபைலை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இலவசம். வீடியோ டேபில் ஃப்ரேம் ரேட்டை 30 என்றும், அதன் கீழே கான்ஸ்டன்ட் என்றும் வைத்து மாற்றுங்கள். அந்தப் புது ஃபைலில்தான் எடிட்டிங். ஏற்கெனவே வெட்டியதை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.

ஊர்க்குருவி:
ப்ரிவியூ திக்குவதற்கு ப்ராக்ஸி இருக்கிறது. கேடன்லைவின் ப்ராஜெக்ட் செட்டிங்கில் ஆன் செய்தால் ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன நகல் ஒன்று தயாராகும், எடிட் செய்யும்போது அதுதான் ஓடும். ரெண்டர் ஆகும்போது, அதாவது முடிந்த வீடியோ உருவாகும்போது, அசல் ஃபைலையே எடுத்துக்கொள்ளும், தரம் போகாது. என் 4 ஜிபி லேப்டாப்பில் மூன்று வருடமாக இப்படித்தான் காலம் ஓடுகிறது. அப்புறம், 25 நிமிடத்தை ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். ஒரு சொல்கட்டுக்கு (தாளச் சொற்களின் கோவைக்கு) ஒரு ஷாட் எடுங்கள். வெட்டுவதும் சுலபம், தவறு வந்தால் அதை மட்டும் திரும்ப எடுக்கலாம்.

தனிஆவர்த்தனம்:
ராத்திரி ஹேண்ட்பிரேக்கை ஓட விட்டுப் படுத்துவிட்டேன். காலையில் முதலில் 23வது நிமிடத்து மோராவை (முடிப்புப் பகுதியை)த்தான் போட்டுப் பார்த்தேன். கையும் சத்தமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன! இப்போதுதான் ஹெட்போனில் முழுசாகக் கேட்கிறேன்: 18வது நிமிடத்தில் குக்கர் விசில். அதை எடுக்க முடியுமா?

வெட்டுக்கத்தி:
நீங்கள் பேசும்போது வந்ததா, வாசிக்கும்போதா? பேசும்போது என்றால் அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி பேசி மேலே போட்டுவிடலாம், படத்துக்கு மிருதங்கத்தின் க்ளோசப் ஒன்று. வாசிக்கும்போது என்றால் திரும்ப வாசியுங்கள் சார்.