சென்னையிலிருந்து முதல் கப்பல் பயணம், அம்மாவுக்குக் குமட்டல் பயம்

திருமங்கலத்தான்:
ஜனவரியில் அப்பா அம்மாவை சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கை போய் வருகிற சொகுசுக் கப்பலில் கூட்டிப்போகிறேன். ராமேஸ்வரத்தில் கரையில் நின்று கடலைப் பார்த்ததோடு சரி, மூன்று பேருமே கப்பல் ஏறினதில்லை. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் பஸ் மலை ஏறினாலே அம்மாவுக்கு மூன்றாவது வளைவில் பை வேண்டும். ஜன்னல் இல்லாத உள்அறை விலை குறைவு, எடுக்கலாமா? அன்று காலை பாண்டியன் ரயிலில் எழும்பூர் இறங்கி நேராகத் துறைமுகம் போனால் போதுமா?

மேலூர் அக்கா:
தம்பி, அந்தத் தப்பை மட்டும் செய்யாதே. நாங்கள் போனபோது வழியில் நல்ல மழை, ரயில் இரண்டு மணி நேரம் தாமதம், செக்-இன் மூடுவதற்குள் ஓடிப்போய் நின்றோம். முதல் நாளே போய் ஒரு ராத்திரி தங்கிவிடு. இன்னொன்று, பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேர நேரமாகும். என் வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரை அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது, ராத்திரி ஏழு மணி வரை கதவைத் திறந்து திறந்து பார்த்தோம். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி, கெட்டில் வேண்டாம், ஸ்கேனிங்கில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

பழைய கப்பல்காரன்:
கப்பல் சமையல்கட்டில் பல வருஷம் வேலை பார்த்தவன், இப்போது சோழவந்தானில் தென்னந்தோப்பு. உள்அறையா வெளிஅறையா என்பதைவிட அறை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பிள்ளைகள் ஆடும் சீசா மாதிரி, முனையில் உட்கார்ந்தால் தூக்கிப்போடும், நடுவில் அவ்வளவு தெரியாது. அதனால் கீழ்த்தளத்தில் நடுப்பகுதியாகக் கேட்டு வாங்கு, உயரத்தில் முன்முனை வேண்டவே வேண்டாம். குமட்டினால் அறைக்குள் படுத்துக்கொண்டு போனைப் பார்க்கக் கூடாது, மேல்தளத்தில் காற்றாட நின்று தொடுவானத்தைப் பார்க்கச் சொல். வெறும் வயிறு இன்னும் மோசம், இரண்டு இட்லியாவது இறங்கட்டும். அவோமின் மாதிரி மாத்திரையை வாந்தி வந்தபிறகு போட்டுப் பிரயோஜனமில்லை, முன்னாலேயே போட வேண்டும், தூக்கம் வரும், வேறு மருந்து சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொள். நம் கரைப்பக்கம் வங்காள விரிகுடா அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அதிகம் முரண்டு பிடிக்கும், ஜனவரி பரவாயில்லை.

ஏறினதும் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குட்டை ஒலி, ஒரு நீள ஒலி கேட்டால் அதுதான் அபாய அறிவிப்பு. 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் கவிழ்ந்தபோது அன்றுதான் ஏறின பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. புஃபேக்குப் போகிறேன் என்று நழுவிவிடாதே.

செல்லூர்க்காரன்:
கரை மறைவதற்குள் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் சேட்டிலைட் சிக்னலைப் பிடித்துவிட்டால் ரோமிங் பில் பார்த்து மயக்கமே வரும். ஊர் பார்க்க இறங்கினால் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னால் திரும்பிவிடுங்கள், கப்பல் ஏற்பாட்டில் போகாமல் தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது.

திருமங்கலத்தான்:
நன்றி அக்கா, அண்ணே. நடுப்பகுதி அறைக்கு இன்றே பேசுகிறேன். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோகலாமா என்கிறார். அப்பா லுங்கியில் சாப்பாட்டு ஹாலுக்குப் போகலாமா என்று கேட்கிறார்.

பழைய கப்பல்காரன்:
வெளிச்சாப்பாட்டு விதி கப்பலுக்குக் கப்பல் மாறும், ஊறுகாயைப் பற்றி டிக்கெட் போட்ட இடத்தில் கேட்டுக்கொள். லுங்கி அறைக்குள் மட்டும்.