பெங்களூரில் வாடகை வீடு: கார்பனைக் குறைக்க எதில் கை வைப்பது?

பிடிஎம் குடித்தனக்காரர்:
பிடிஎம் லேஅவுட்டில் இருக்கிறோம், மூன்று பேர். சோலார் ஹீட்டர் வைக்க ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்குக் காரில்தான் போகிறேன், போகவர 28 கிலோமீட்டர். கார்பன் வெளியீட்டைக் குறைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசை, ஆனால் துணிப்பை, ஸ்டீல் பாட்டில் என்று எல்லாரும் சொல்வதைச் செய்ததோடு நின்றுவிட்டேன். எதைச் செய்தால் நிஜமாகவே குறையும்?

சில்க் போர்டு பயணி:
முதலில் காரை விடுங்கள் நண்பரே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று வைத்தாலும், நாளுக்கு 5 கிலோவைத் தாண்டிவிடும், எத்தனை துணிப்பை தூக்கினாலும் இதை ஈடுகட்ட முடியாது. 2025 ஆகஸ்டில் எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் போகும் மஞ்சள் தட மெட்ரோ வந்ததிலிருந்து நான் அதில்தான் போகிறேன். ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வரை நல்ல நடைபாதை கிடையாது, அதுதான் கஷ்டம். வாரத்தில் மூன்று நாளாவது போய்ப் பாருங்கள்.

ஜெயநகர் அம்மா:
காரைப் பற்றி அவர் சொல்வது சரி தம்பி. ஆனால் இந்த ஊரில் தண்ணீரும் கரண்ட்தான், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்று எனக்கு வருத்தம். காவிரியைத் தொரேகாடனஹள்ளியிலிருந்து மூன்று கட்டமாகப் பம்ப் செய்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றி, 100 கிலோமீட்டர் கொண்டுவருகிறார்கள். அதை நாம் ஷவரில் ஊற்றிவிடுகிறோம்! பக்கெட்டில் குளியுங்கள். 25 லிட்டர் கீசரை ஒரு தடவை முழுக்கச் சூடாக்கவே ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும், நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. குளிக்கும் முன் போட்டு, உடனே அணையுங்கள். அப்புறம் பிஎல்டிசி ஃபேன், அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது. பழைய ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் இது 30 வாட்டில் ஓடும், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

பால்கனித் தோட்டம்:
சமையலறைக் குப்பையை மறந்துவிட்டீர்களே. குப்பைமேட்டில் காற்றுப் படாமல் அழுகினால் மீத்தேன் வரும், அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு சூடேற்றும். வீட்டிலேயே மக்க வைத்து உரமாக்க, பால்கனியில் ஓட்டை போட்ட பானை இரண்டு போதும், குப்பை போடும்போதெல்லாம் மேலே தென்னை நார்த்தூள் ஒரு கை.

பிடிஎம் குடித்தனக்காரர்:
எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை மெட்ரோ, அது முடிவு. பானை விஷயத்தில் மட்டும் பயம், பக்கத்து வீட்டுக்கு நாற்றம் போகாதா?

பால்கனித் தோட்டம்:
ஈரம் கூடினால்தான் நாறும். நார்த்தூளைக் கூட்டிப் போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை கிளறிவிடுங்கள். தொடங்கும்போது புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் சீக்கிரம் மக்கும்.