வங்கி மேஜையில் மியூச்சுவல் ஃபண்ட் வாங்கியவர்கள், வேலூர் பக்கம் இருந்தால் அனுபவம் சொல்லுங்களேன்

சத்துவாச்சாரி:
அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு பகுதியை எஃப்டி போடலாம் என்று டவுனில் ஒரு வங்கிக்குப் போனார். "எஃப்டியில என்ன சார் வருது, இதுல போடுங்க" என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன். ஈக்விட்டி ஃபண்டில், அதாவது பங்குகளில் போடும் ஃபண்டில், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கட்டணம் உண்டா என்று கேட்டதற்கு, "ஒரு ரூபா கூடக் கிடையாது சார்."

சில மாதம் கழித்து மெயிலில் எல்லா ஃபண்டுக்கும் சேர்த்த கணக்கு அறிக்கை வந்தது. பான் எண்ணைப் பெரிய எழுத்தில் அடித்துத் திறந்தால், ஃபண்டின் பெயருக்கு நேரே விநியோகஸ்தருக்கு, அதாவது விற்றுக் கொடுத்த வங்கிக்கு, கொடுத்த கமிஷன், ரூபாய்க் கணக்கில். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "நான் யாருக்கும் எதுவும் தரலையே, இது யார் பணம்டா?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

காந்தி நகர், காட்பாடி:
அப்பா பணம்தான், தம்பி. பில் வராது. தினமும் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, போடும்போதே செலவைக் கழித்துவிட்டுத்தான் போடுவார்கள். முன்பெல்லாம் ஈக்விட்டி ஃபண்டில் நுழைவுக் கட்டணம் என்று 2.25% வரை முதலிலேயே பிடித்தார்கள், கண்ணுக்குத் தெரிந்தது. 2009 ஆகஸ்டில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அதை எடுத்துவிட்டது. கமிஷனை அறிக்கையில் ரூபாயில் காட்டச் சொன்னதும் செபிதான், 2016இல்.

2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டிலும் டைரக்ட் (நேரே ஃபண்ட் கம்பெனியிடம் வாங்குவது), ரெகுலர் (வங்கி, ஏஜென்ட் வழியாக வாங்குவது) என்று இரண்டு வழி. ஒரே மேனேஜர், ஒரே பங்குகள். ரெகுலரில் கமிஷன் சேரும். ஈக்விட்டி ஃபண்டில் இந்த வித்தியாசம் பல சமயம் 1%ஐ ஒட்டி வரும். ஒன்றுதானே என்று விடாதீர்கள். மாதம் 10,000 வீதம் 20 வருஷம் கட்டி, 12% வந்தால் சுமார் 99.9 லட்சம். 11% என்றால் சுமார் 87.4 லட்சம். போனது பன்னிரண்டரை லட்சம்.

என் அனுபவம் வேறு. இங்கே ஒரு ஹோட்டல் ஹாலில் முதலீட்டுக் கூட்டம், டிபனோடு. திரையில் தங்கள் ஃபண்ட், பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியைத் தாண்டி ஏறுவதாக ஒரு படம். நிஃப்டி கோட்டில் டிவிடெண்ட், அதாவது கம்பெனிகள் தரும் லாபப் பங்கு, சேர்த்திருக்கிறதா என்று கேட்டேன். பேச்சாளர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் லேப்டாப்பைப் பார்த்தார். சேர்க்கவில்லை. டிவிடெண்ட் சேர்ந்த குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது 2018 பிப்ரவரியிலிருந்தே விதி. சேர்த்தால் அந்த இடைவெளி பாதியாவது நிற்குமா என்பதே என் சந்தேகம்.

இதெல்லாம் புதுக் கதையும் இல்லை. அமெரிக்காவில் மைக்கேல் ஜென்சன் 1945 முதல் 1964 வரை 115 ஃபண்டுகளை எடுத்துப் பார்த்து 1968இல் எழுதினார். சராசரியாக அவை சந்தையை வெல்லவில்லை, செலவைக் கழிக்காமல் பார்த்தால்கூட.

ஆம்பூர்:
அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் எல்லா ஏஜென்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நான் ஷூ கம்பெனியில் வேலை. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13% விழுந்தது. கம்பெனி மூடிக் கிடக்கிறது, சம்பளம் வருமா தெரியாது. எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று எங்கள் ஏஜென்டுக்கு போன் போட்டேன். "வீட்டுச் செலவுக்கு எவ்வளவு வேணும், அதை மட்டும் எடு. மிச்சத்துல கைவைக்காதே" என்று அரைமணி நேரம் பேசினார். அவர் வாங்கும் கமிஷன் எனக்கு உறுத்தவில்லை.

எங்கள் தெருவிலேயே மாதம் பத்து வட்டி என்று சொன்ன இடத்தில் நகையை வைத்துப் பணம் போட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கே கமிஷனும் இல்லை, செலவும் இல்லை என்றார்கள். இப்போது முதலே இல்லை.

சத்துவாச்சாரி:
ரெண்டு பேருக்கும் நன்றிண்ணா. அப்படியே டைரக்டுக்கு மாற்றிவிடலாமா?

காந்தி நகர், காட்பாடி:
அவசரப்படாதே. அதே ஃபண்டில் மாற்றினாலும் விற்று வாங்கியதாகத்தான் கணக்கு. வருஷம் முடியவில்லை என்றால் பல ஈக்விட்டி ஃபண்டில் 1% வெளியேறும் கட்டணம் உண்டு, லாபத்துக்கு வரியும் வரும். இனிப் போடுவதை டைரக்டில் போடச் சொல். கட்டணமே இல்லை என்று சொன்னதற்கு முதலில் அந்த வங்கிக்கே எழுதிக் கொடுங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் புகார் கொடுக்க செபியின் ஸ்கோர்ஸ் தளம் இருக்கிறது.