முதியோர் மனநலம்: வார்டிலிருந்து வீடுகளுக்குச் செல்லும் செவிலியர் முதலில் எதைக் கற்க வேண்டும்?

கேள்வி: வார்டு செவிலியர், சென்னை

வணக்கம். மனநல வார்டில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பகுதிகளில் முதியோரை வீடு தேடிச் சென்று பார்க்கும் ஒரு குழுவில் சேர இப்போது அழைப்பு வந்திருக்கிறது. வார்டில் மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டிலுக்கு நகர்வேன். வீடுகளில் இரண்டுமே இருக்காது. "வயசானா அப்படித்தான் சிஸ்டர்" என்று குடும்பத்தார் சொல்லும் இடத்தில், அது மறதி நோயா, மனச்சோர்வா, உடல்நோயின் விளைவா என்று தனியாக நின்று எப்படிப் பிரித்தறிவது? இந்தப் பணியில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: சமூக மனநலச் செவிலியர்

சகோதரிக்கு வணக்கம். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டு, பதிலை விடாமல் துருவுவதுதான் நம் வேலை. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. நேற்று வரை பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்தவர் இன்று மகனையே யாரென்று கேட்டால், அதுவும் காலையில் தெளிவாகவும் இரவில் குழம்பியும் இருந்தால், அது டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பநிலையாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், இரத்தத்தில் சோடியம் குறைதல், புதிதாகத் தொடங்கிய மருந்து என்று அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் உடற்காரணம் இருக்கும். அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலை அது. அடுத்த வாரம் வரை பொறுக்கலாகாது.

மனச்சோர்வு கொண்ட முதியவர்கள் பலர் "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. உடம்பெல்லாம் எரிகிறது, வயிறு மந்தமாக இருக்கிறது, விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடுகிறது என்றுதான் சொல்வார்கள். தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும்கூட இதே வேடத்தில் வரும் என்பதால், இரத்தப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். காது மந்தமான ஒருவருக்கு மறதி நோய் என்று வீட்டாரே முடிவுகட்டிவிடுவதும் உண்டு.

வீட்டுக்குள் நுழைந்ததும் மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்லி, பாயில் கொட்டிப் பாருங்கள். ஒரே மருந்து இரு நிறுவனங்களின் பெயரில் இரண்டு அட்டைகளாக இருப்பதும், சர்க்கரை மாத்திரை பிரிக்கப்படாமலே கிடப்பதும் அங்கேதான் கண்ணில் படும். கைநடுக்கத்துக்காக எப்போதோ தொடங்கிய டிரைஹெக்ஸிஃபெனிடிலும், தூக்கத்துக்கென்று கொடுத்த அமிட்ரிப்டிலினும் முதியோரின் நினைவைக் குழப்பக்கூடியவை. அவை பையில் இருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் மாத்திரை எடுப்பவர்களை அக்னி நட்சத்திர நாட்களில் தவறாமல் பாருங்கள். வியர்வையில் நீர் இழந்த உடலில், மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்துவிட்டால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு நச்சு எல்லைக்கு ஏறிவிடக்கூடும். கை கூடுதலாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, வயிற்றுப்போக்கு ஆகியவை அதன் அறிகுறிகள்.

பதில் 2: மயிலாப்பூரிலிருந்து ஒரு மருமகள்

நான் செவிலியர் அல்ல. மறதி நோயுள்ள மாமனாரைப் பார்த்துக்கொள்பவள். எங்கள் வீட்டுக்கு வரும் செவிலியர் அவரிடம் பேசி முடித்ததும் அடுப்படிக்கு வந்து, "நீங்கள் இரவில் தூங்குகிறீர்களா?" என்று என்னிடம் கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. மாலையில் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று மாமனார் செருப்பைத் தேடத் தொடங்கும்போது, இதுதான் வீடு என்று வாதாட வேண்டாம். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டு, காபி கொடுத்து, அவர் பிறந்த ஊரைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள் என்றும் அவர் சொல்லித் தந்தார். எல்லா நாளும் பலிப்பதில்லை. ஆனாலும், அவரைத் தூங்க வைக்க மாத்திரை கேட்டு நாங்கள் ஓடுவது குறைந்திருக்கிறது. பார்த்துக்கொள்பவரிடமும் சில நிமிடங்கள் பேசுங்கள், சிஸ்டர்.

பதில் 3: சமூகப் பணியாளர்

மேலே சொன்னவற்றோடு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதியவரோடு சிறிது நேரமாவது தனியாகப் பேசுங்கள். உதவித்தொகை யார் கைக்குப் போகிறது, யாராவது அடிக்கிறார்களா, வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்பதெல்லாம் மகன் எதிரில் வெளிவராது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; கேட்க ஆள் கிடைத்த ஆறுதலில் பலர் மனம்விட்டுப் பேசிவிடுகிறார்கள். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, முதியோர் உதவி எண் 14567 இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களோடு பழகுங்கள். எந்தத் தெருவில் எந்தப் பாட்டி நான்கு நாளாக வெளியே வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பணியில் சேரும் முன், களத்திலிருந்து அழைத்தால் உடனே பேசக்கூடிய மருத்துவர் ஒருவர் குழுவில் இருக்கிறாரா என்பதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே முடிவெடுப்பேன்.