குன்னூர் பெட்போர்ட் பக்கத்து வீடுகள் குழு: அபியோட சிங்கப்பூர் பயணம்

அபி அம்மா, காலை 7:42
எல்லாருக்கும் வணக்கம். 19ஆம் தேதி கோயம்புத்தூர்ல இருந்து சிங்கப்பூர் போறோம். அபிக்கு 5 வயசு, 17 கிலோ. நிலக்கடலை, முந்திரி ரெண்டும் ஆகாது. அலர்ஜி கடுமையானா தொடையில குத்தற ஊசி, அந்த அட்ரினலின் பேனா 2 டாக்டர் எழுதிக் கொடுத்து, வாங்கி வெச்சாச்சு. ஃபிளைட்ல பக்கத்து சீட்டுக்காரங்க கடலை தின்னா காத்துல வந்துடுமா சிஸ்டர் அக்கா?

சிஸ்டர் அக்கா, 7:55
காத்தை நெனச்சுப் பயப்படாத கண்ணு. அலர்ஜி தர்றது கடலையில இருக்கற புரதம். வாசனை வந்தா புரதமும் வந்துடுச்சுன்னு அர்த்தமில்ல. விமானத்துல காத்து மேல இருந்து இறங்கி, கிட்டத்தட்ட அதே வரிசையோட கால்பக்கமா வெளிய போகும், ஃபில்டரும் இருக்கு. கவனிக்க வேண்டியது கை படற இடம். முன்னாடி அந்த சீட்ல உட்கார்ந்தவர் முந்திரி தின்ன கையோட ட்ரேயைத் தொட்டிருப்பார். குழந்தை அதைத் தொட்டு, விரலை வாயில வைக்கும். அப்படித்தான் உள்ள போகும்.

ட்ரே ரெண்டு பக்கமும், அதோட கொக்கி, கைப்பிடி, பெல்ட் பக்கிள், ஜன்னல் ஓரம், முன்னாடி இருக்கற டச் ஸ்கிரீன், எல்லாத்தையும் ஈர வைப்ஸ்ல துடை. சீட் பாக்கெட்டுக்குள்ள கையே விடாத, பொம்மையையும் போடாத. சீட் துணிக்கு மேல வீட்டுப் போர்வையை விரிச்சுடு.

மெடிக்கல்ஸ் அண்ணன், 8:03
சானிடைசர் போதும்னு பலரும் நினைக்கறாங்க தங்கச்சி. அது கிருமிக்குத்தான். கடலைப் புரதம் அப்படியே கையில இருக்கும். சோப்புத் தண்ணி, இல்லேன்னா வைப்ஸ். வெறும் தண்ணியும் பத்தாது. 80 வைப்ஸ் பாக்கெட் ஒண்ணு போகறதுக்கு, ஒண்ணு வர்றதுக்கு.

அபி அம்மா, 8:06
சரிங்கண்ணா. பேனாவை ஐஸ் பேக்கோட வைக்கணுமா?

மெடிக்கல்ஸ் அண்ணன், 8:11
வேண்டவே வேண்டாம். ஃபிரிட்ஜ், ஐஸ் ரெண்டும் ஆகாது. 20ல இருந்து 25 டிகிரி, வெளிச்சம் படாம இருக்கணும். நம்ம குளிர் பழகி, மேட்டுப்பாளையத்துக்குக் கீழ வர்ற சூட்டை மறந்துடுவோம். டீ குடிக்க நிறுத்தினா, கார் டேஷ்போர்டுல பையை விட்டுட்டு இறங்காதீங்க. பேனாவோட சின்ன ஜன்னல்ல பாருங்க, மருந்து நிறமில்லாம தெளிவா இருக்கணும். பழுப்பா இருந்தாலோ துகள் தெரிஞ்சாலோ மாத்திடுங்க. பழகறதுக்குக் குடுத்த ஊசியில்லாத டிரெய்னர் பேனா இருந்தா அது வீட்லயே இருக்கட்டும். பதட்டத்துல கை மாறி அதை எடுத்துடுவோம்.

ஏர்போர்ட் மாமா, 8:20
அம்மிணி, ரெண்டு பேனாவும் ஒரே இடுப்புப் பையில, குழந்தை கூடவே இருக்கணும். அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணுன்னு பிரிக்காதீங்க. கார்கோ பெட்டியில போடாதீங்க. மேல் ரேக்கும் வேண்டாம், பெல்ட் லைட் எரியறப்ப எழுந்து எடுக்க முடியாது. டாய்லெட் போனாலும் பை கூடப் போகணும்.

டாக்டர் லெட்டர்ல பாஸ்போர்ட்ல இருக்கற அதே பேர், எதெது ஆகாது, அட்ரினலின், எபிநெஃப்ரின்னு மருந்தோட ரெண்டு பேரும், பேனா எண்ணிக்கை, விமானத்துல கையிலயே வெச்சிருக்கணும்ங்கற வரி, முத்திரை, தேதி இருக்கணும். 3 நகல். ஸ்கேனிங்ல பையைப் போடறதுக்கு முன்னாடியே சொல்லி லெட்டரைக் காட்டுங்க. பேனா மருந்துக்கடை லேபிளோட, ஒரிஜினல் அட்டைப்பெட்டியில இருக்கட்டும்.

அபி அம்மா, 8:24
டிக்கெட் போடறப்பவே ஏர்லைன்ஸ்ல சொல்லிட்டேன் மாமா.

ஏர்போர்ட் மாமா, 8:29
போன்ல சொன்னது பத்தாது. மெயில் போட்டு, பதில் வாங்கி, பிரிண்ட் எடுங்க. அப்புறம் செக்-இன்ல, போர்டிங் கேட்ல, உள்ள போனதும் கேபின் க்ரூகிட்ட, மூணு இடத்துலயும் மறுபடி சொல்லுங்க. ஒருத்தர்கிட்ட சொன்னது அடுத்தவருக்குப் போய்ச் சேரும்னு நம்ப முடியாது. சீட் துடைக்கணும், கொஞ்சம் முன்னாடியே ஏறலாமான்னு கேட்டா பெரும்பாலும் விடுவாங்க. ஜன்னல் சீட் குழந்தைக்கு, பக்கத்துல நீங்க.

சிஸ்டர் அக்கா, 8:34
நட்ஸ் இல்லாத மீல்னு புக் பண்ணியிருந்தாலும் அபிக்கு விமானச் சாப்பாடு கொடுக்காத. முழுக்க நட்ஸ் இல்லைன்னு எந்த ஏர்லைன்ஸும் உறுதி கொடுக்கறது அபூர்வம். அரைச்சு விட்ட முந்திரி குருமாவுல கண்ணுக்குத் தெரியாது. இட்லியும் நல்லெண்ணெயும் வீட்ல இடிச்ச பொடியும் போதும். கடைப் பொடியில நிலக்கடலை சேர்ப்பாங்க. வீட்ல செக்குக் கடலை எண்ணெய் வாங்கறவங்களா இருந்தா அந்தச் சட்டியில சுட்ட முறுக்கும் கூடாது. செக்கு எண்ணெயில புரதம் தங்கியிருக்கும். சட்னி 100 மில்லிக்கு மேல ஸ்கேனிங்ல மாட்டும், பொடியே நல்லது.

வழியனுப்ப வர்றவங்க ஊட்டி சாக்லேட்டும் வர்க்கியும் கொண்டு வருவாங்க. சாக்லேட்டை ஒரே பலகையில, ஒரே கத்தியில வெட்டறாங்க, முந்திரி போட்டதும் போடாததும். வர்க்கி சுடற அதே தட்டுல நட்ஸ் பிஸ்கட்டும் சுடுவாங்க. குழந்தை கையில எட்டாம வை. சிங்கப்பூர்ல இறங்கினதும், சுட்ட கறிக்குத் தொட்டுக்கற சத்தே சாஸ், ரோஜாக்ங்கற காய்-பழக் கலவை, ரெண்டுலயும் நிலக்கடலை. ஹாக்கர் சென்டர்னு சொல்ற சாப்பாட்டுக் கடை வளாகத்துல கரண்டி மாறும்.

அபி பாட்டி, 8:41
மலை இறங்கறப்ப கொழந்த வாந்தி எடுக்குமே. அலர்ஜி மாத்திரை செட்ரிசின் முன்கூட்டியே ஒண்ணு குடுத்துடலாமா சிஸ்டர்? ஏதாச்சும் ஆனாலும் மொதல்ல அதைக் குடுத்துப் பாத்துட்டு அப்புறம் ஊசி போட்டா என்ன?

சிஸ்டர் அக்கா, 8:58
அம்மா, இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க, எல்லாரும் படிங்க.

செட்ரிசின் அரிப்பையும் தடிப்பையும்தான் குறைக்கும். தொண்டை வீக்கத்தையும் ரத்த அழுத்தம் இறங்கறதையும் நிறுத்தாது. அதைக் கொடுத்துட்டுக் காத்திருக்கற நேரம்தான் உயிருக்கு ஆபத்து. முதல் மருந்து அட்ரினலின்தான்.

குரல் கம்மறது, விடாத இருமல், வீசிங், நாக்கு வீக்கம், வெளுத்துப் போய்த் துவண்டு விழறது, இதுல ஒண்ணு வந்தாலும் உடனே ஊசி. தடிப்பும் வாந்தியும் சேர்ந்து வந்தாலும் ஊசி. சந்தேகமா இருந்தாலும் போட்டுடுங்க. போட்டா கொஞ்ச நேரம் நடுக்கமும் படபடப்பும் இருக்கும், தானா அடங்கும்.

17 கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் பேனா சரி. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்ங்கறதுதான் கணக்கு, 0.17 வரும், கிட்டத்தட்ட அதுதான். தொடையோட வெளிப்பக்கம், நடுவுல. பேன்ட் மேலயே குத்தலாம், தையலும் பாக்கெட்ல இருக்கற நாணயமும் இல்லாத இடமா பாரு. காலை நல்லாப் பிடிச்சுக்கோ, உதறினா ஊசி கிழிச்சுடும். நீல மூடியைக் கழட்டி ஆரஞ்சு முனையை அழுத்தற வகைன்னா 3 எண்ணற வரைக்கும் பிடி. தலைகீழாப் பிடிச்சுக் கட்டைவிரல்ல குத்திக்கறது அடிக்கடி நடக்கும் தப்பு. ஊசி ஆரஞ்சு முனையிலதான் வரும்.

ஊசி போட்ட நேரத்தைக் கையில, எழுதற பேனாவால எழுது. 5 நிமிஷத்துல தெளிவு வரலேன்னா அடுத்த தொடையில ரெண்டாவது. சீட் கைப்பிடியைத் தூக்கிப் படுக்க வெச்சு காலை உயர்த்து. மூச்சுத் திணறினா சாய்ஞ்சு உட்காரட்டும். வாந்தி வருதுன்னு டாய்லெட்டுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போயிடாத. எழுந்து நின்ன நொடியில இதயம் நின்னு போனது உண்டு. க்ரூகிட்ட ஆக்சிஜன் கேளு, பைலட்டுக்கும் தகவல் போகட்டும். சரியாயிட்டாலும் இறங்கினதும் ஆஸ்பத்திரி. சில மணி நேரம் கழிச்சு மறுபடி வரலாம். சிங்கப்பூர்ல ஆம்புலன்ஸ் 995.

விமானத்து மருத்துவப் பெட்டியிலயும் அட்ரினலின் இருக்கலாம். அது பெரும்பாலும் ஆம்பூலா, அதாவது கண்ணாடிக் குப்பியில இருக்கும், போட டாக்டர் யாராவது பயணியா இருக்க வேண்டி வரலாம். அதை நம்பிப் போகாத.

மலை வாந்தி விஷயம்: அதுக்குக் கொடுக்கற தூக்கம் வர வைக்கற வாந்தி மாத்திரை, குழந்தை துவள்றதை மறைச்சுடும். உங்க டாக்டரைக் கேக்காமக் கொடுக்காத. கிளம்பறதுக்கு 2 மணி நேரம் முன்னாடி கொஞ்சமா சாப்பிட வெச்சு, அடுத்த சாப்பாட்டைக் கோயம்புத்தூர் போய்க் கொடு.

அபி பாட்டி, 9:02
சரிங்க சிஸ்டர். மாத்திரையப் பையோட அடியில வெக்கறேன்.

ஏர்போர்ட் மாமா, 9:05
மழை இருந்தா பர்லியார்ல மண் சரியும், கோத்தகிரி வழியா வர மாதிரி நேரம் வெச்சுக்கோங்க. 3 மணி நேரம் முன்னாடி கவுன்டர்ல நிக்கணும்.

மெடிக்கல்ஸ் அண்ணன், 9:09
தங்கச்சி, ரெண்டு பேனாவோட காலாவதி தேதியையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. நீங்க திரும்பி வர்ற நாள் வரைக்கும் செல்லுமான்னு பாக்கணும்.

அபி அம்மா, 9:14
அனுப்பிட்டேன் அண்ணா. ஒண்ணு இந்த மாசக் கடைசியோட முடியுது. நாங்க திரும்பறது அடுத்த மாசம் 4.

மெடிக்கல்ஸ் அண்ணன், 9:15
அதை மாத்தணும். புதுசு வந்து சேர நாள் பிடிக்கும், எல்லாக் கடையிலயும் இருக்காது. டாக்டர் எழுதின மருந்துச் சீட்டு எடுத்துட்டு இன்னைக்கே கடைக்கு வாங்க.